ஆயா வைத்த கணக்கு

பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டச்சுக் கல்லறையிலிருந்துதான் தொடங்குவார்கள். காரணம் இருக்கிறது. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் இதுதான் அவர்களுக்குத் தலைமையிடம். இங்கிருந்து துணி போனது, வெடிமருந்து போனது, அடிமைகளாக மனிதர்களும் கப்பலேற்றப்பட்டார்கள். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் காவலில், வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களோடு நிற்கிறது.

எங்கள் ஆயாவுக்குக் கல் கிடையாது. எங்கள் மீனவக் குப்பத்து மணலில் புதைத்தோம். அன்று ஊரில் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை, அதுதான் எங்கள் வழக்கம். இந்த ஊரை எனக்குக் காட்டித் தந்தவள் அவள்தான். அதனால் அவளை வைத்தே ஊரைச் சொல்கிறேன்.

ஆதார் அட்டையில் அவள் பிறந்த நாள் ஜனவரி 1. அது யாரோ போட்ட தேதி. தொண்ணூறு தாண்டியிருப்பாள் என்பது எங்கள் கணிப்பு. அவளுக்கு வருஷத்தை எண்ணால் சொல்லத் தெரியாது. வெள்ளைக்காரன் போன வருஷம் தாவணி போட்டாள். பக்கிங்காம் கால்வாயில் ஸ்ரீஹரிகோட்டா விறகை ஏற்றிக்கொண்டு படகுகள் பட்டணம் போன காலத்தில் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போய் வந்திருக்கிறாள். 1971-இல் அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது எங்கள் சித்தப்பா கைக்குழந்தை. ராக்கெட் தளத்துக்காக அந்தத் தீவைக் காலி செய்து வந்த குடும்பங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட கதையையும் சொல்வாள். ராக்கெட் விடும் நாளில் இன்றைக்கும் கடலுக்குப் போகக்கூடாதென்று அறிவிப்பு வரும். ஆயா நெருப்பு மேலே போவதை அண்ணாந்து பார்ப்பாள், பெருமையும் இருக்கும். பிறகு, "இன்னைக்குக் கூலி போச்சு" என்பாள். இரண்டும் மனசார வந்ததுதான்.

பழவேற்காடு ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்கு ஓரமும் கடலோடு சேரும் முக்கிய முகத்துவாரமும் தமிழ்நாட்டில், சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்புக்குச் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். ஆரணியாறும் காளங்கியும் மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் கொண்டு வரும், முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறும். இறால் குஞ்சு கடலிலிருந்து உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். கோடையில் மணல் அடைத்து முகத்துவாரம் மூடிவிட்டால் உள்ளே தண்ணீர் உப்பேறும், மீன்பாடு குறையும். அந்த வாய் திறந்திருக்கிறதா என்பதுதான் எங்கள் குப்பங்களில் வீட்டுக்கு வீடு நடக்கும் பேச்சு. ஆயா காலையில் எழுந்ததும் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான், கண் மங்கிப் போன பிறகும்.

முகத்துவாரத்தை ஒட்டிய சில குப்பங்களில் பாடு முறை உண்டு. இறால் கடலுக்குத் திரும்பும் வழியில், நீரோட்டத்தில், கழி நட்டு வலை கட்டுவார்கள். எந்த இடத்தில் யார், எந்த நாளில் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே போய்விடாது. தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் நியாயம் இது. ஆராய்ச்சியாளர்கள் வந்து வியந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் பாடு ஆண்களுக்குத்தான். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு, அவனுக்கு ஒரு பங்கு. நாற்பது வயதுக்குள் தாலி இழந்த ஆயாவுக்கு அதில் இடமில்லை. பிள்ளைகள் தலையெடுக்கும்வரை ஏலத்தில் மீன் எடுத்து விற்றுத்தான் வீட்டை நிறுத்தினாள். அந்த நியாயத்தில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

விடியுமுன் ஏலம். கடனுக்கு எடுத்து, அன்னக்கூடையில் அடுக்கி, பொன்னேரிக்குப் போவாள். முதலில் நடை, பிறகு பஸ், கடைசியில் ஷேர் ஆட்டோ. மடவையும் கெளுத்தியும் கூறு கட்டி வைப்பாள். நண்டுதான் அவளுடைய கைவேலை. களி நண்டின் கொடுக்கு விரலைத் துண்டாக்கிவிடும். ஆயா பின்பக்கமாக வந்து, ஓட்டின்மேல் காலை லேசாக அழுத்தி, ஒரு கையால் இரண்டு கொடுக்கையும் மடக்கி, மறு கையால் கயிற்றைக் குறுக்கே ஓட்டி முடிச்சுப் போடுவாள். பேச்சு நிற்காது. பிறகு திருப்பிப் பிடித்து அடிப்பக்க ஓட்டைக் கட்டைவிரலால் அமுக்குவாள். நெகிழ்ந்தால் தண்ணி நண்டு, சதை இருக்காது, தனியே போய்விடும். தெரியாதவர் தலையில் அதைக் கட்டமாட்டாள். "ஒரு நாள் ஏமாத்தினா மறுநாள் வேற கடைக்குப் போவாங்க கண்ணு" என்பாள்.

அவளுடைய மூங்கில் கூடைகள் பழசான பிறகு ஓலைக் கூடைகள் வந்தன. ஊருக்குள் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் முடைவார்கள், நேர்த்தியான வேலை. அப்படி முடையும் ஒருவர் ஆயாவுக்கு ஐம்பது வருஷத்துச் சிநேகிதி. நோன்புக் காலத்தில் அங்கிருந்து கஞ்சி வரும், இங்கிருந்து இறால் போகும். இறாலிலும் ஆயாவுக்கு இருளர் பெண்கள் கையால் துழாவிப் பிடித்ததுதான் உசத்தி. இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்தபடி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, விரலால் தடவித் தடவி எடுப்பார்கள். அவர்களிடம் மட்டும் அவள் பேரம் பேசி நான் பார்த்ததில்லை.

1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கரையேறிய புயலில் வீடு போனது. 2004 சுனாமியில் படகும் வலையும் போயின. இரண்டு முறையும் அழுது முடித்த மறுநாள் அன்னக்கூடையைத் தேடினாள் என்று அப்பா சொல்வார். கடைசி வருஷங்களில் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கக் கூடாதென்று குப்பங்கள் கூடிய கூட்டங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கரை அரிப்பும் முகத்துவாரமும் என்ன ஆகும் என்பது மீனவர்களின் கேள்வி. அது இன்னும் தீரவில்லை.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கொடுத்ததும் வாங்கியதும் தலைக்குள்தான். அவள் போனதும் அந்தக் கணக்கெல்லாம் போய்விட்டது என்று நாங்கள் விட்டுவிட்டோம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பொன்னேரியிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருத்தர் நண்டுக்கு நானூறு பாக்கி என்றார், இன்னொருவர் கருவாட்டுக்கு இருநூறு. யாரும் கேட்கவில்லை, கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆயா யாருக்குத் தர வேண்டியிருந்தது என்று விசாரித்ததில் கூடைக்காரச் சிநேகிதிக்கு இரண்டு கூடைக் காசு நின்றிருந்தது. அத்தை அந்தப் பணத்திலிருந்தே எடுத்துப்போய்த் தந்துவிட்டு, தன் பேரில் புதுக்கூடை ஒன்று சொல்லிவிட்டு வந்தாள்.