வெளிமானைத் தேடிப் போகுமுன்

இராமநாதபுரத்துக் கரையிலிருந்து வெளிமானைத் தேடிப் புறப்படுகிறவருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை இரண்டு திசைகளிலும் வழிவிடுகிறது. தெற்கே கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் கடந்து தூத்துக்குடி போய், அங்கிருந்து திருநெல்வேலிச் சாலையில் திரும்பினால் வல்லநாடு. வடக்கே தொண்டி, மீமிசல், மணமேல்குடி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் வழியாகப் போனால் கோடியக்கரை. வல்லநாட்டுச் சரணாலயம் 1987-இல் அமைந்தது. முட்புதர் அடர்ந்த குன்று. அங்கே மான் இருப்பது தெரிந்தாலும் கண்ணில் படுவது கடினம். கோடியக்கரை 1967-இலேயே சரணாலயமாகிவிட்டது. கடலுக்கும் காட்டுக்கும் நடுவே தட்டையான புல்வெளி விரிந்து கிடப்பதால், முதல் முறை போகிறவர் கோடியக்கரையைத் தேர்ந்துகொள்வதே நல்லது.

வட அமெரிக்காவில், வெளிமானை நினைவூட்டும் பிராங்ஹார்ன் என்னும் விலங்கைப் பொது நிலங்களில் உரிமம் பெற்று வேட்டையாடலாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வெளிமான் இருக்கிறது. அதைக் கொன்றால் குறைந்தது மூன்றாண்டுச் சிறை. இந்தத் தடை வேண்டிய தடைதான். ஆனால் சுடுவதற்கு முன் வேட்டைக்காரர் செய்யும் வேலை முழுவதும், அதாவது நிலத்தைப் படிப்பது, பருவம் பார்ப்பது, விலங்கின் குணமறிந்து காத்திருப்பது எல்லாம், பார்க்கப் போகிறவருக்கும் அப்படியே உண்டு.

இரண்டு விலங்குகளுக்கும் நெருங்கிய உறவில்லை. பிராங்ஹார்ன் தனிக் குடும்பம்; வெளிமான் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த இரலை. ஆயினும் இரண்டுமே திறந்த வெளியில் கண்ணையும் காலையும் நம்பி வாழ்பவை. வெளிமானின் ஓட்டத்தை வளர்த்தது சிவிங்கிப்புலியின் துரத்தல் என்பார்கள். அந்தச் சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. துரத்திய விலங்கு போன பின்னும் மானின் ஓட்டம் குறையவில்லை.

பருவத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு மழை கொட்டும். தாழ்ந்த நிலம் நீரில் கிடக்கும். அது வலசைப் பறவைகளுக்கான காலம். மான் பார்க்க மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஏற்றது. நடுப்பகலில் மந்தை நிழலில் படுத்துவிடும் என்பதால் விடிகாலையோ மாலையோதான் கணக்கு. முந்தின இரவே வேதாரண்யத்தில் தங்கிவிட்டால் காலை வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம். பைனாகுலர், குடிதண்ணீர், தொப்பி, மண்நிறச் சட்டை போதும்.

அனுமதி பெற்று, வனத்துறை விட்ட பாதையிலேயே போக வேண்டும். பதுங்கி நெருங்கும் ஆசையை இங்கேயே விட்டுவிடலாம். அந்த வெட்டவெளியில் மனிதர் மானைப் பார்ப்பதற்கு வெகு முன்பே மான் மனிதரைப் பார்த்துவிடும். ஒரு பெட்டை நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாகத் துள்ளினால் அடுத்த நொடியில் மந்தை முழுவதும் துள்ளிப் பறக்கும். அப்போது வண்டியில் பின்தொடர்வது பெருந்தவறு. தொலைவிலேயே நின்று, அசையாமல், அவை மேய்ந்துகொண்டே இந்தப் பக்கம் வரக் காத்திருப்பதுதான் ஒரே வழி. பிறந்த குட்டி அசையாமல் புல்லுக்குள் படுத்திருக்கும். பாதையை விட்டு இறங்கும் ஒரு கால் தாயை அதனிடம் வரவிடாமல் செய்துவிடும்.

காத்திருப்பவருக்குக் காணக் கிடைப்பது அதிகம். முதிர்ந்த கடா முதுகெல்லாம் கருத்து, வயிறு வெளுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு நிற்கும். பெட்டை இளம்பழுப்பு, பெரும்பாலும் கொம்பில்லை. எல்லை வகுத்துக்கொண்ட கடா ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கையிடும். அந்தக் குவியலைக் கண்டால் சொந்தக்காரன் பக்கத்தில்தான் இருக்கிறான். பெட்டை அருகே வந்தால் மூக்கை வானத்துக்குத் தூக்கி, முறுக்குக் கொம்புகள் முதுகைத் தொடும்படி சாய்த்து, வாலை மேலே சுருட்டிக்கொண்டு மெல்ல நடப்பான்.

நிலமும் படிக்க வேண்டியதே. இராமநாதபுரத்தார்க்குப் பழகிய சீமைக்கருவேலம் கோடியக்கரைப் புல்வெளியையும் தின்று வருகிறது. வெளிமானுக்கு வேண்டியது மரமில்லாத புல்தரை. பச்சையாகத் தெரிவதெல்லாம் காட்டின் நலம் என்று எண்ணிவிடக் கூடாது. காட்டுக் குதிரைகளும் அதே புல்லுக்குப் பங்காளிகள். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் இந்தக் காட்டைச் சாய்த்தது, மான்களும் மாண்டன.

தரையில் கொம்பு கிடந்தால் எடுக்கக் கூடாது. புள்ளிமான் கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும். பிராங்ஹார்ன்கூட ஆண்டுதோறும் கொம்பின் மேலுறையைக் கழற்றிப் போடும். வெளிமானின் கொம்பு உதிர்வதில்லை. ஆகவே கிடக்கும் கொம்பு பெரும்பாலும் செத்த மானுடையது. சட்டப்படி அது அரசின் சொத்து. இடத்தைக் குறித்துக்கொண்டு வனக்காவலரிடம் சொல்லிவிட வேண்டும்.