எழுத்தில் இல்லாத வாக்கு

என் தாத்தா லாபிஸ் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். அவர் விட்டுச் சென்றவை இரண்டு. ஒன்று, குளுவாங்கில் வாங்கிய சிறிய வீடு. மற்றொன்று, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குகள். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்த காலத்தில், துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம் அது. தாத்தாவைப் போன்ற தொழிலாளர்கள் மாதந்தோறும் சிறு தொகை கட்டிப் பங்குதாரர் ஆயினர்.

தாத்தா 2003இல் காலமானார். சங்கத்தின் பாரத்தில் வாரிசாகத் தம் கடைசி மகளின் பெயரை எழுதியிருந்ததால், பங்குப் பணம் சிக்கலின்றி அவரிடம் சேர்ந்தது. வீட்டுக்கோ உயில் இல்லை. “இந்த வீடு உனக்குத்தான்” என்று அத்தையிடம் வாயால் சொன்னதோடு சரி. திருமணம் செய்துகொள்ளாமல் பெற்றோரைக் கடைசிவரை பராமரித்தவர் அத்தை. அது உறவினர் அனைவருக்கும் தெரியும், சட்டத்துக்குத் தெரியாது.

தீபகற்ப மலேசியாவில் உயில் எழுதாமல் இறக்கும் முஸ்லிம் அல்லாதோரின் சொத்து, 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி பிரிக்கப்படுகிறது. இறந்தவரின் பெற்றோர் இல்லாமல், துணைவரும் பிள்ளைகளும் இருந்தால், துணைவருக்கு மூன்றில் ஒரு பங்கு, எஞ்சியது பிள்ளைகளுக்கு. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. பாட்டி முன்பே இறந்துவிட்டதால், பிள்ளைகள் ஐவருக்கும் சம பங்கு. யார் அருகிலிருந்து கஞ்சி ஊட்டினார் என்று சட்டம் கேட்பதில்லை.

‘அப்புறம் பார்க்கலாம்’ என்றே ஆண்டுகள் கழிந்தன. ஐவரில் இருவர் மறைந்தனர். அவர்களின் பங்கு அவரவர் குடும்பத்துக்குச் சென்றது. ஐந்து பேர் ஒப்ப வேண்டிய இடத்தில் இன்று பதினொரு பேர் ஒப்ப வேண்டும். அவர்களில் எவரும் கெட்டவர் அல்லர். எனினும், தீபாவளிக்கு அந்த வீட்டில் கூடுவது நின்றுபோயிற்று. ஒழுகும் கூரையை மாற்றவும் அத்தை தயங்குகிறார். அது யாருடைய கூரை என்று அவருக்கே தெரியவில்லை.

உயில் எழுதுவது செல்வந்தர்க்கு மட்டும் உரியதன்று, கடினமானதும் அன்று. 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, தீபகற்ப மலேசியாவில் 18 வயது நிரம்பி, தெளிந்த மனத்துடன் இருப்பவர் உயில் எழுதலாம். அவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும்; சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். சொத்தைப் பெறுபவரோ அவருடைய துணைவரோ சாட்சியாக இருந்தால், அவருக்கு எழுதிய பங்கு செல்லாது. உயிலை நிறைவேற்ற நம்பிக்கைக்குரிய ஒருவரையும் அதில் குறிப்பிடலாம். ஊழியர் சேமநிதிக்கு வாரிசின் பெயரைத் தனியே பதிந்துகொள்வது நல்லது. முஸ்லிம்களின் சொத்து இஸ்லாமியச் சட்டப்படி பகிரப்படுகிறது.

சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நம் பெரியோர் பலர் எண்ணுகின்றனர். அதனால், “சொத்தை யாருக்குக் கொடுப்பீர்கள்?” என்று நீங்கள் வீட்டில் கேட்க வேண்டியதில்லை. “வீட்டுப் பட்டாவை எங்கே வைத்திருக்கிறீர்கள், அப்பா? சேமநிதியில் வாரிசின் பெயரைப் பதிந்துவிட்டீர்களா, அம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். உழைத்துச் சேர்த்தவர்களுக்கு, அதை யாருக்காகச் சேர்த்தோம் என்று எழுதி வைக்க அந்தக் கேள்வியே போதுமானதாக இருக்கலாம்.