வெறும் தேத்தண்ணியில எவ்வளவு தூரம் ஓடலாம்?

வினாயகபுரம் கடற்கரையில வெள்ளன ஓடுற ஆக்களை ரெண்டு வகையாப் பிரிக்கலாம். பிளேன்டீ குடிச்சிட்டு ஓட வாறவங்க ஒரு வகை. ஓடி முடிச்சிட்டு பிளேன்டீ குடிக்கப் போறவங்க மற்ற வகை. பிளேன்டீயே இல்லாம ஓடுற மூன்றாவது வகையை நாங்கள் இன்னும் காணவில்லை.

நாங்கள் ஏழெட்டுப் பேர். பாதிப் பேர் கம்பஸ், மிச்சப் பேர் ஏ.எல். எழுதிப்போட்டு மறுமொழி பார்த்துக்கொண்டு இருப்பவர்கள். அக்கரைப்பற்றில இருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிற ஒரு கூட்டாளியும் உண்டு. பதக்கம் வாங்குகிற அளவுக்கு யாரும் ஓடுவதில்லை. ஆனால் ஓடி முடித்து மணலில் குந்தியிருந்து கதைக்கிற கதைகளுக்குப் பதக்கம் தரலாம். அப்படி ஒரு நாள் கதையில வந்தவர்தான் பெரு நாட்டுக் கால்பந்து அணித்தலைவர் பாவ்லோ குரேரோ.

2017 ஒக்டோபரில் ஆர்ஜன்டீனாவுக்கு எதிராக விளையாடிய பிறகு நடந்த பரிசோதனையில், அவருடைய சிறுநீரில் கொக்கெயின் உடலில் உடையும்போது உண்டாகும் ஒரு பொருள் இருந்தது. தான் குடித்த தேநீரில் கோக்கா இலை கலந்திருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். பீபா முதலில் ஒரு வருடத் தடை போட்டது, பிறகு 6 மாதமாகக் குறைத்தது. விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் 2018 மே மாதம் அதை 14 மாதமாகக் கூட்டியது. கடைசியில் சுவிற்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைத் தற்காலிகமாக நிறுத்தியதால்தான் அவர் 2018 உலகக் கிண்ணத்தில் விளையாடினார். 36 வருடத்துக்குப் பிறகு பெரு விளையாடிய உலகக் கிண்ணம் அது.

"தேத்தண்ணி குடிச்சதுக்குத் தடையாடா மனே?" என்று அக்கரைப்பற்றுக் கூட்டாளி கேட்டான். அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்விதான் எங்களோட ஓடியது.

முதலில ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். சொக்லேட் செய்கிற கொக்கோ வேறு, இந்தக் கோக்கா வேறு. கோக்கா தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைச்சாரலில் வளரும் ஒரு செடி. அங்குள்ள மக்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக அதன் இலையைச் சப்புகிறார்கள், கொதிநீரில் போட்டுக் குடிக்கிறார்கள். இலையில் உள்ள கொக்கெயின் 100க்கு 1 பங்குகூட வராது. இலையில் இருந்து அதைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1860ஐ ஒட்டி ஜெர்மனியில். உலகம் பயப்படுகிற வெள்ளைத் தூள் அந்தப் பிரித்தெடுப்பில் இருந்து வந்தது. ஆனாலும் 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் உடன்படிக்கை இலையையும் தூளையும் ஒரே பட்டியலில் போட்டது.

இன்கா அரசில் சாஸ்கி என்று ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். அரச செய்தியை ஒருவர் கையில் இருந்து மற்றவர் கைக்கு மாற்றி மாற்றி மலைப்பாதையில் ஓடிக் கொண்டுபோகும் அஞ்சல் ஓட்டம். அவர்களுடைய வாயில் கோக்கா இருந்தது என்பார்கள். பிற்காலத்து அந்தீஸ் சுமைகாரர்கள் தூரத்தையே இலையால் அளந்தார்கள். வாயில் போட்ட ஒரு பிடி இலையின் வேகம் இறங்கும்வரை நடக்கிற தூரத்துக்குக் 'கோக்காடா' என்று பெயர்.

இதை வாசித்தபோது எங்களுக்கு வேற்று நாட்டுக் கதை மாதிரித் தோன்றவில்லை. "ரெண்டு வெத்திலை போடுற நேரம் நடந்தா தாண்டியடி வந்துடும்" என்று சொல்லுகிற அம்மம்மாக்களோடு வளர்ந்தவர்கள் நாங்கள். அதைவிடப் பெரிய ஒற்றுமை சுண்ணாம்பு. கோக்கா இலையைச் சும்மா சப்புவதில்லை, சுண்ணாம்போ சாம்பலோ சேர்த்துத்தான் சப்புவார்கள். காரம் சேர்ந்தால்தான் இலையின் சத்து வாய்த்தோல் வழியாக இலேசாக உள்ளே இறங்கும். வெற்றிலையோடு பாக்கும் சுண்ணாம்பும் சேர்க்கிற எங்கட ஆக்களுக்கும் இந்த வித்தை தெரிந்திருக்கிறது. ரெண்டு கடலுக்கு அப்பால், ஒருவரை ஒருவர் அறியாத மனிதர்கள் ஒரே வேலையை ஒரே விதமாகச் செய்திருக்கிறார்கள். எங்கட பக்கத்தில உசுப்புகிற சரக்கு வெற்றிலையில் இல்லை, பாக்கில இருக்கிறது. அந்தப் பாக்கு வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதும் இப்போது உறுதியான விசயம்.

ஆடிக் கொடியேற்றத்துக்கு முதல் கதிர்காமப் பாதயாத்திரை எங்கட ஊரைத் தாண்டித்தான் போகும். திருக்கோவில், பொத்துவில், உகந்தை, பிறகு குமண, யால காடு. யாழ்ப்பாணத்தில இருந்தே நடந்து வருகிற வயதான அம்மாமார் இருப்பார்கள். மடியில வெற்றிலைப் பை, தோளில ஒரு துணிப்பை, காலில செருப்புக்கூட இருக்காது. நாங்கள் 5 கிலோமீற்றர் ஓடிவிட்டு இடுப்பில கை வைத்து நிற்கிற இடத்தை அவர்கள் திரும்பிக்கூடப் பாராமல் கடந்து போவார்கள். வீதியோர வீடுகளில் இருந்து தேத்தண்ணி வரும். ஆனால் தேத்தண்ணி மட்டும் வராது. கஞ்சி வரும், சோறு வரும், படுக்கப் பாய் வரும். இந்த வேறுபாட்டை மறக்காமல் வையுங்கள், கொஞ்சம் பிறகு தேவைப்படும்.

தேத்தண்ணி ஓட்டக்காரருக்கு உதவுமா என்று கேட்டால், உதவும். உடம்பு வேலை செய்யச் செய்ய மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும். 'போதும், இரு' என்று சொல்வது அதுதான். தேயிலையில் உள்ள கஃபீன் அடினோசின் உட்காருகிற கதிரையில் தான் போய்க் குந்திவிடும். களைப்பு வந்து கதவைத் தட்டும், உள்ளே இடம் இருக்காது. ஒரு காலத்தில் ஒலிம்பிக்கில் கஃபீனுக்கும் எல்லை இருந்தது. சிறுநீரில் ஒரு மில்லிலீற்றருக்கு 12 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் பிழை. 2004 தொடக்கத்தில் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். விளையாட்டு விஞ்ஞானிகள் வேலை செய்யும் என்று சொல்லுகிற அளவு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம். ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் சாதாரணமாக 30 முதல் 50 மில்லிகிராம் இருக்கும். 50 கிலோ நிறையுள்ள ஒருவருக்குக் குறைந்தது மூன்று, நாலு கோப்பை வேண்டும். வயிற்றில் அவ்வளவு தண்ணியோடு ஓடிப் பாருங்கள், சத்தம் வெளியே கேட்கும்!

ஆக, குரேரோவின் கோப்பைக்குத் தடை, எங்கட கோப்பைக்குத் தடை இல்லை. ஒன்று கடிவாளம் போட்ட இலை, மற்றது உலகம் முழுக்க விற்கிற இலை. இங்கே எங்கட நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், பேராதனைப் பூங்கா வழியாக வந்த கோக்காவையும் இலங்கையில் பயிரிட்டுப் பார்த்தார்கள். கோக்கா ஜாவாவில்தான் பெரிய தோட்டமானது. இங்கே மலையைப் பிடித்தது தேயிலை. கொஞ்சம் மாறி நடந்திருந்தால் நாங்கள் வேறு ஏதோ கோப்பையோடு இந்த மணலில் குந்தியிருப்போம்.

ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு கதை. ஸ்பானியர் அந்தீஸுக்கு வந்த புதிதில் தேவாலயம் கோக்காவை எதிர்த்தது. பிறகு போத்தோசி வெள்ளிச் சுரங்கம் திறந்தது. சுரங்கத்துக்குள் இறங்குகிற மனிதன் இலை இருந்தால் பசி தெரியாமல் நீண்ட நேரம் வேலை செய்வான் என்று கண்டுகொண்டார்கள். எதிர்ப்பு அடங்கியது, கோக்கா பெரிய வியாபாரம் ஆனது. இலை அதே இலைதான். சாஸ்கியின் வாயில் அது துணை. சுரங்கத் தொழிலாளியின் வாயில் அது சாப்பாட்டுக்குப் பதில். எங்கட மலையகத்திலும் தேத்தண்ணியோடு ஒரு ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு கொழுந்துக் கூடையோடு ஏறுகிற பெண்கள் இருக்கிறார்கள். களைப்பை மறைக்கிற இலை, பசியையும் சேர்த்து மறைத்துவிடும்.

எங்களில் ஒருத்தி 1500 மீற்றர் ஓடுவாள். 2022இல் சாமான் விலை ஏறிய காலத்தில் இருந்து அவளுடைய போர்டிங்கில் காலைச் சாப்பாடு என்றால் பிளேன்டீயும் ரெண்டு பிஸ்கட்டும். பகல் சோற்றோடும் பிளேன்டீ. பின்னேரம் ஓடப் போகுமுதல் இன்னொன்று. மூன்றாவது சுற்றில மூச்சு வாங்கும், கால் கனக்கும். "இன்னொரு தேத்தண்ணி குடிச்சா சரியாகும் புள்ள" என்பதுதான் எல்லாரும் சொன்ன வைத்தியம். கிளினிக்கில இரத்தம் பார்த்தபோது இரத்தச்சோகை என்றார்கள். அங்கிருந்த மிஸ் கேட்ட முதல் கேள்வி, "சாப்பாட்டோட தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரை, பருப்பு போன்றவற்றில் இருக்கிற இரும்பை உடல் உறிஞ்சவிடாது. இரும்பு குறைந்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காது. ஒட்சிசன் குறைந்தால் களைப்பு. களைப்புக்கு மறுகாத் தேத்தண்ணி. மாதாமாதம் இரத்தம் இழக்கிற பெண்களுக்கு இந்தச் சுற்று இன்னும் இறுக்கமானது. மைதானத்தின் சுற்றையாவது ஓடி முடிக்கலாம், இந்தச் சுற்றுக்கு முடிவுக் கோடு இல்லை.

இதனால் தேத்தண்ணியை விடுங்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வினாயகபுரத்தில நின்று அப்படிச் சொன்னால் ஊருக்குள் போகேலாது. உள்ளங்கையில சீனியை வைத்துத் தொட்டுத் தொட்டுக் குடிக்கிற அந்தப் பிளேன்டீயின் ருசியை எங்களாலும் விடேலாது. நாங்கள் சொல்ல வருவது, களைப்பு எதிரி இல்லை என்பதை. அது உடம்பு எழுதுகிற கடிதம். சில நாள் அதை வாசித்துவிட்டு மடித்து வைத்து ஓடலாம், போட்டி நாளில் அப்படித்தான் ஓட வேண்டும். ஒவ்வொரு நாளும் வாசிக்காமலே கிழித்துப் போட்டால், கடைசியாக வருகிற கடிதம் ஆஸ்பத்திரியில் இருந்துதான் வரும்.

களைப்பைப் பற்றிக் கதைக்கும்போது 'மனத்தைரியம் வேணும்' என்று சொல்லி முடித்துவிடுகிற பழக்கம் எங்கட பக்கம் அதிகம். தைரியம் உள்ள பிள்ளைதான் வெறும் வயிற்றோடு மூன்று சுற்று ஓடியது. அவளுக்குக் குறைவாக இருந்தது சாப்பாடு. யாத்திரை போகிற அம்மாமாருக்கு வீதியோர வீடுகள் தேத்தண்ணியோடு கஞ்சியும் கொடுக்கிறது அதை அறிந்துதான்.

இப்போது எங்கட கூட்டத்தில ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. முறை வைத்து ஒவ்வொரு வீட்டில இருந்தும் ஏதாவது வரும். அவித்த பயறு, கச்சான், வாழைப்பழம், சில நாள் தேங்காய்ப்பூவோடு மரவள்ளி. ஓடி முடித்த உடனே அது. பிளேன்டீ வரும், ஆனால் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான். அந்த ஒரு மணித்தியாலம்தான் கதை நேரம். 1500 ஓடுகிறவள் இரும்புக் குளிசை எடுக்கிறாள், முருங்கை இலைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்து சாப்பிடுகிறாள். வேகம் மெல்ல மெல்லத் திரும்புகிறது.

உங்கட ஊரிலயும் வெள்ளன ஓடுகிற ஒரு கூட்டம் இருக்கும். ஓட்டத்தைத் தொடங்குமுதல் "தேத்தண்ணி குடிச்சயா?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். "ராவைக்குச் சாப்பிட்டயா?" என்றும் ஒருக்காக் கேளுங்க.