வீழ்ந்த காவலர்கள்

சகோதரிகளே, எழுதக் கூச்சமாயிருக்கிறது, ஆயினும் எழுதுகிறேன். மாதவிலக்கு நின்றபின் கண்ட உதிரப்போக்கை என் லாத்தா வெட்கத்தால் ஈராண்டு மறைத்திருந்தார். சென்ற ஆண்டு மாடம்பாக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். கருப்பைவாய்ப் புற்று, காரணம் ஹெச்பிவி என்னும் வைரஸ் கிருமி!

கலைப் பட்டதாரியான நான் தேடிப் படித்தேன். உயிரணு வரம்பின்றிப் பெருகாமல் தடுக்கும் காவல் மரபணு ஆர்பி. பழுதுற்ற அணுவை நிறுத்தி, சீர்படாவிடில் மாளச் செய்வது பி53. கிருமியின் ஈ6 மரபணு தரும் புரதம் பி53இன் புரதத்தை அழிக்கிறது. ஈ7 ஆர்பியை முடக்குகிறது. காவலர் வீழ்ந்தபின் கொள்ளைக்கு என்ன தடை? பெரும்பாலோர் உடலிலிருந்து இக்கிருமி ஓரிரு ஆண்டுகளில் தானே அகன்றுவிடும். அகலாமல் ஆண்டுக்கணக்கில் தங்கினால்தான் ஆபத்து.

இதற்குத் தடுப்பூசி உண்டு. 9 முதல் 14 வயதிற்குள் போடுவது சிறப்பு. என் மகளுக்கு வயது 11. சென்ற வாரம் ஊசி போட்டபோது அவள் கையைப் பிடித்திருந்தவர் லாத்தாதான்.