தாம்பரம் குன்றுகளும் அழுங்கு வாழும் புதர்க்காடும்

பல்லாவரத்தில் இருந்து வண்டலூர் நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்தில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் பார்ப்பது கடைகளையும் அடுக்குமாடிகளையும்தான். கொஞ்சம் தலையை உயர்த்தினால் திரிசூலம், பல்லாவரம், வண்டலூர் என்று கருங்கல் குன்றுகள் வரிசையாகத் தெரியும். இந்தக் கல்லுக்கு ‘சார்னோகைட்’ என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால் அவர் பெயரையே பாறைக்கும் வைத்துவிட்டார்கள்.

குன்றுக்குக் கீழே செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம். 1863-ம் ஆண்டு மே 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் பல்லாவரத்தின் சரளைக் குழி ஒன்றில்தான் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு முதல் சான்றாக அமைந்தது அந்தக் கல். அதற்கும் கீழே ஏரிகள். சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் கிழக்கே பள்ளிக்கரணைக்குப் போகிறது. பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கத்துத் தண்ணீர் மேற்கே அடையாற்றில் சேர்கிறது. ஏரிக்குக் கீழே நஞ்சை.

குன்று, சரளை மேடு, ஏரி, நஞ்சை. செங்கல்பட்டுச் சீமையின் பழைய கிராமங்கள் பலவும் இந்த அமைப்பில் உருவானவைதான். இதில் சரளை மேட்டுக்கு மட்டும் கணக்கில் மதிப்பு இல்லை. ‘தரிசு’, ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்று எழுதி வைத்தார்கள். ஆனால், ஓர் உயிரினத்துக்கு அந்த மேடுதான் நஞ்சை நிலம். அது அழுங்கு. அலுங்கு, எறும்புத்தின்னி என்றும் சொல்வார்கள்.

ஆர்மடில்லோ வேறு, அழுங்கு வேறு

உடம்பு முழுக்கக் கவசம் போர்த்திய விலங்கின் படம் கைப்பேசியில் வந்தால், ‘இது ஆர்மடில்லோ’ என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். ஆர்மடில்லோ அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழ்வது. 2014-ல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் சின்னமாக இருந்ததும் அதுதான். அதன் கவசம் எலும்புத் தகடுகளால் ஆனது. அழுங்கின் செதில்களோ நம் நகமும் மாட்டுக் கொம்பும் எதனால் ஆனவையோ, அதே ‘கெரட்டின்’ பொருளால் ஆனவை. ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இரண்டும் உறவுக்கார விலங்குகள் அல்ல. மண்ணைக் கிளறிப் பூச்சி தின்னும் வாழ்க்கை இரண்டுக்கும் கவசத்தையும் வலுவான நகத்தையும் தனித்தனியே கொடுத்திருக்கிறது.

நம் நாட்டு அழுங்கு தலை முதல் வால் நுனி வரை சுமார் மூன்று, நான்கு அடி இருக்கும். வளர்ந்தது 10 கிலோவுக்கு மேல் எடை போடும். வாயில் பல் கிடையாது. நீண்ட, பசைபோன்ற நாக்கைக் கரையான் புற்றுக்குள் விட்டு இழுக்கும். கூடவே உள்ளே போகும் மணலும் பொடிக்கல்லும்தான் வயிற்றில் இரையை அரைக்கின்றன. பகலில் வளையில் தூங்கும். இருட்டிய பிறகே வெளியே வரும். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான். குட்டி, தாயின் வாலில் ஏறி உட்கார்ந்து பயணம் செய்யும்.

ஆபத்து என்றால் ஓடாது, கடிக்காது. பந்துபோலச் சுருண்டுகொள்ளும். சுருண்ட அழுங்கைப் பிரிப்பது லேசான வேலை இல்லை. ‘உடும்புப் பிடி’ என்பதைப்போல ‘அழுங்குப் பிடி’ என்ற வழக்கும் நம்மிடம் உண்டு. சிறுத்தையிடம் தப்ப வைக்கும் இந்தத் தந்திரம் மனிதனிடம் செல்லாது. சுருண்டதை அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுவிடலாம். அதன் பலமே அதற்கு எமனாகிவிட்டது.

மிச்சம் இருக்கும் மேடுகள்

அழுங்குக்கு வேண்டியவை மூன்று: வளை தோண்ட இளகிய மண், தின்னக் கரையானும் எறும்பும், ஆள் தொந்தரவு இல்லாத இரவு. முதல் இரண்டும் எந்தச் சரளை மேட்டிலும் கிடைக்கும். மூன்றாவதுதான் தென்சென்னைப் புறநகரில் அரிதாகிவிட்டது.

காரை, களா, சூரை, ஈச்சை, இடையிடையே பனை என்று அந்தப் பழைய புதர்க்காடு எப்படி இருந்திருக்கும் என்பதைப் பார்க்க இன்றும் சில இடங்கள் உண்டு. மேடவாக்கத்தை ஒட்டிய நன்மங்கலம் காப்புக்காடு ஒன்று. அங்கே கைவிடப்பட்ட கல் குவாரியின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தைகள் குடியிருக்கின்றன. 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகம் இன்னொன்று. 300 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த இடத்தில் புதர்க்காட்டின் ஒரு பகுதி காப்பாற்றப்பட்டிருக்கிறது. மூன்றாவது, வண்டலூர் காப்புக்காடு. 1985-ல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டதும் இந்தக் காட்டை ஒட்டித்தான்.

இவை தீவுகளாகிவிட்டதுதான் சிக்கல். ஒரு காட்டுத் துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே நெடுஞ்சாலை, ரயில் பாதை, மனைப் பிரிவுகள். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியானது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஊர் வளர்வதைத் தடுக்க முடியாது. ஆனால், ஏரிக்கும் சதுப்பு நிலத்துக்கும் கிடைத்த கவனம் சரளை மேட்டுக்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ‘ராம்சார்’ பட்டியலில் சேர்ந்துவிட்டது. முள்ளும் புற்றுமாகக் கிடக்கும் மேட்டை இன்னமும் ‘சும்மா கிடக்கும் நிலம்’ என்றே சொல்கிறோம்.

கிராமங்களுக்கு ஒரு பாடம்

தாம்பரத்தில் போனது போனதுதான். மதுராந்தகம், செய்யூர், உத்திரமேரூர் பக்கம் போனால் அதே குன்று, அதே சரளை, அதே ஏரி இன்னமும் விவசாயிகள் கையில் இருக்கின்றன. அங்கே முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் நிலத்துக்காரர்களும் கிராம சபையும்தான்.

புற்றைக் கண்டாலே மருந்து ஊற்றும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். புற்று கட்டும் கரையானில் பெரும்பாலானவை தின்பது காய்ந்த சருகையும் செத்த மரத்தையும். மேட்டிலும் வரப்போரத்திலும் இருக்கும் புற்றால் பயிருக்கு உடனடிக் கேடு இல்லை. புற்றில் ஊற்றும் விஷம் அதைத் தின்ன வரும் உயிரையும் தாக்கும். பயிரில் சேதம் தெரிந்தால் அங்கே மட்டும் கவனித்தால் போதும். மக்காத எருவைப் போட்டால் கரையான் தேடி வரும். நன்றாக மக்கிய தொழுவுரத்தையே இட வேண்டும். தென்னையின் அடிமரத்தில் கரையான் ஏறினால், 5 சதவிகித வேப்பெண்ணெய்க் கரைசலை அடியில் இருந்து 2 மீட்டர் உயரம் வரை பூசலாம்.

காட்டை ஒட்டிய தோட்டங்களில் மின்வேலி இன்னொரு ஆபத்து. கம்பியில் உடல் பட்டதும் அழுங்கு ஓடாமல் அங்கேயே சுருண்டுகொள்வதால் மீண்டும் மீண்டும் மின்சாரம் பாய்ந்து செத்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் இப்படிப் பல இறந்திருக்கின்றன. திருட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவது மனித உயிருக்கும் எமன், அது குற்றமும்கூட.

‘அழுங்குச் செதிலுக்கு லட்சக்கணக்கில் விலை’ என்று ஆசை காட்டி ஊருக்குள் வரும் தரகர்களிடம் எச்சரிக்கை தேவை. செதிலில் மருந்துக் குணம் எதுவும் இல்லை. வெட்டிப் போடும் நகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அதிலும் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் அழுங்கு இருக்கிறது. பிடித்தாலும், கொன்றாலும், செதிலை விற்றாலும் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, அபராதம் தனி. தரகர் தப்பிவிடுவார். மாட்டிக்கொள்வது சாக்கோடு நிற்கும் கூலிக்காரரும் சின்ன விவசாயியும்தான்.

கிணற்றில் விழுந்தோ, சாலையில் அடிபட்டோ அழுங்கு கிடந்தால், நாயையும் கூட்டத்தையும் விலக்கிவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொன்னால் போதும். வீட்டில் வைத்து வளர்க்க நினைக்கக் கூடாது. கரையானையும் எறும்பையும் தவிர வேறு தின்னப் பழகாத இது கூண்டில் பிழைப்பது கடினம். ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் இதற்கென்றே தனி இனப்பெருக்க மையம் வைக்க வேண்டியிருக்கிறது.

தரிசைத் திருத்தும்போது மேட்டின் ஓரத்தில் ஒரு துண்டை, புதரும் புற்றுமாக அப்படியே விட்டுவைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. அங்கே பெய்யும் மழை சரளைக்குள் இறங்கிக் கீழே இருக்கும் கிணற்றுக்கும் உதவும். பக்கத்துக் காட்டுக்காரரும் தன் ஓரத்தை விட்டால், ஒரு குன்றில் இருந்து அடுத்த குன்றுக்கு அழுங்கு நடந்துபோகப் பாதை கிடைத்துவிடும்.