கொல்லைக் குளத்துக் கொக்கு

ஓருயிரைக் காத்தற்பொருட்டு மற்றோருயிரை வருத்துதல் ஆமோ என்னும் வினா, நூல்களிற் படிக்குங்கால் எளிதாகவே தோன்றும். ஆகாது என்று விடை கூறி ஏட்டை மூடிவிடலாம். அவ்வினா தம் வீட்டுக் கொல்லையிலே வந்து நிற்குமாயின் அதன் அருமை அப்பொழுதே விளங்கும். காவிரிப் பாசனத்து ஊரொன்றில் வாழும் சைவ அன்பர் ஒருவர்க்கு நேர்ந்தது இதற்குத் தக்க சான்றாம்.

அவ்வன்பர் எழுபதாண்டு நிரம்பியவர். தீக்கையுற்று நாடோறும் சிவபூசை செய்பவர். அவர்தம் வீட்டின் பின்புறத்தே 10 அடி நீளமும் 6 அடி அகலமும் உடைய சிறு குளம் ஒன்று உண்டு. பூசைக்கு வேண்டும் நீர்ப்பூக்களின்பொருட்டு அவர் மனைவியார் விரும்பியவாறு வெட்டப்பெற்றது அது. அம்மையார் இறைவன் திருவடி நீழல் எய்திய பின்னும், அவர் கையால் நட்ட தாமரையும் அல்லியும் தவறாது பூத்து வந்தன. தேங்கிய நீரிற் கொசு பெருகாதிருத்தற்கு, கொசுப்புழுக்களை உண்ணும் மீன்கள் விடப்பட்டிருந்தன. பொன்னிறமும் செந்நிறமும் வாய்ந்த அம்மீன்களுக்கு உணவிடுதல் பேரனுடைய வேலை. மீன் அழியின் கொசு பெருகும். கொசு பெருகின் குளத்தைத் தூர்த்துவிடுக என்று அண்டை வீட்டார் முறையிடுவர். குளம் தூரின் அம்மையார் நட்ட கொடியும் உடன் அழியும். ஆதலின் அம்மீன்கள்மேல் அவர் கொண்டிருந்த பற்றுச் சிறிதன்று.

ஒரு மார்கழித் திங்களில் மீன்கள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின. பூனையின் செயலோ எனப் பலரும் ஐயுற்றனர். ஒருநாள் விடியற்காலையிற் பேரன் மறைந்து நின்று நோக்கினான். கரையோரத்தே கழுத்தை உள்ளிழுத்து, மண்ணோடு மண்ணாய் நிறங்கலந்து, ஒரு மடையான் அசையாது நின்றது. குருட்டுக் கொக்கு என்று உழவர் கூறும் பறவை அது. பெயர்தான் குருடு, நீருள் நெளியும் சிறு மீனும் அதன் கண்ணுக்குத் தப்பாது. நெடும்பொழுது கழித்து, ஒரு நொடியிற் கழுத்து நீண்டது. செம்மீன் ஒன்று அலகில் துடித்தது. ஆளரவம் கேட்டவுடன் அது எழுந்து பறந்தது. அதுவரை மண்ணிறமாகத் தோன்றிய பறவை, சிறகை விரித்தவுடன் தூவெள்ளையாகத் திகழ்ந்தது கண்டு சிறுவன் வியந்து நின்றான்.

மறுநாள் அன்பர் பூசை முடித்துக் கொல்லைக்கு வந்த பொழுது கொக்கு நீரில் நின்றது. நெற்றியில் நீறு ஈரம் உலரவில்லை. நாவில் ஐந்தெழுத்து ஓயவில்லை. ஆயினும் கை ஒரு கல்லை எடுத்தது. கல் பறவையின் காலிற் பட்டது. அது கதறிக்கொண்டு, ஒரு காலைத் தொங்கவிட்டவாறே மதிலைக் கடந்து மறைந்தது. விலகிய பாசி மெல்ல மீண்டும் கூடி நீரை மூடிற்று.

“தாத்தா, அது பசிக்குத்தானே வந்தது?” என்றான் பேரன். பெரியவர் மறுமொழி கூறவில்லை.

அன்று அவர் உணவு கொள்ளவில்லை. சாக்கிய நாயனாரும் கல்லெறிந்தவரே. நாடோறும் இலிங்கத் திருமேனியின்மேல் அவர் எறிந்த கல்லை இறைவன் மலராக ஏற்றருளினான். எறிந்தது கல்லேயாயினும் எறிவித்தது அன்பு. ஈண்டோ, பகலெல்லாம் மலரெடுத்து அருச்சித்த கையே கல்லெடுத்தது, எறிவித்தது சினம். செயல் ஒன்றாயினும் உள்ளத்தின் வேறுபாட்டால் ஒன்று சிவபுண்ணியமாயிற்று, மற்றொன்று பாவமாயிற்று. இதனை எண்ணுந்தோறும் அவருள்ளம் நைந்தது.

கொக்கின்மேற் குற்றம் யாது? மீனுண்ணுதல் அவ்வுடம்பிற்கு விதிக்கப்பட்ட உணவு. போலித் துறவியைக் கொக்கின் தவத்தோடு ஒப்பிட்டு இகழ்தல் உலக வழக்கு. அவ்விகழ்ச்சி மனிதனுக்கே பொருந்தும்; பறவைக்குப் பொருந்தாது. அது யாரையும் ஏமாற்ற வேடம் பூண்டதன்று, பசியால் நிற்கின்றது. தென்னாட்டில் வடகிழக்குப் பருவமழைக்குப்பின் கொக்குகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும். அக்காலத்துத் தாயும் தந்தையும் தம் பசியோடு குஞ்சின் பசியையும் சுமந்து திரியும். இறைவன் திருச்சடையிற் கொக்கிறகு அணிந்தவன் என்று தேவாரம் ஓதுவோர்க்கு இதனை நினைவூட்டவும் வேண்டுமோ?

நம் நாட்டு ஊரார் பண்டே இவ்வுண்மையை அறிந்திருந்தனர். செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கல் ஏரியிற் கூடுகட்டிய நாரை கொக்குகளை வெள்ளைப் படைவீரர் சுட்டு வீழ்த்தினர். ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இல் அப்பறவைகளைக் காத்தற்கு உரிமை பெற்றனர். அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை அவர்கள் கண்டிருந்தனர். 1972-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் கொக்கினங்களைக் கொல்லுதலைத் தடுக்கின்றது. சட்டம் கையைத் தடுக்கும். உள்ளத்தைத் தடுப்பது அருளொன்றே.

ஆயினும் மீனும் உயிரன்றோ? தாமாகக் கொணர்ந்து அடைத்து வைத்த உயிரைக் காவாது கைவிடுதலும் அறமாகாது. ஆற்று மீனுக்கு ஓடி ஒளிய இடமுண்டு. கொல்லைக் குளத்து மீனுக்கு அஃதில்லை. ஆகவே வழி தேடப்பட்டது. பேரன் பிளாஸ்டிக்கினாற் செய்த பொய்க்கொக்கு ஒன்றை வாங்கிக் கரையில் நிறுத்தினான். ஒரு கொக்கு மேயும் இடத்தில் மற்றொன்று இறங்காது என்பது அவன் கேள்விப்பட்டது. நான்காம் நாள் மெய்க்கொக்கு ஒன்று வந்து பொய்க்கொக்கின் அருகிலேயே நின்று மீன் பிடித்தது. இனத்தைக் கண்ட பறவை, இங்கே இரை உண்டு என்று எண்ணிற்றுப் போலும். பின்னர் மெல்லிய நைலான் வலையைத் தளர்வாக நீரின்மேற் பரப்பினர். மறுநாள் அதிற் சாரைப்பாம்பு ஒன்று சிக்கித் தவித்தது. அதனை அறுத்து விடுவித்தற்குள் பொழுது உச்சியாயிற்று. காவலென்று இட்டதே கண்ணியாயிற்று.

அதன்பின் பெரியவர் பறவையை நோக்குவதை விடுத்துக் குளத்தை நோக்கினார். கொக்கு நீந்தி இரைதேடும் பறவையன்று. கரையில் இறங்கிக் கால்நிற்கும் ஆழம்வரை நடந்து, அங்கு நின்றே மீனைக் கொத்தும். அக்குளமோ ஒன்றரை அடி ஆழமே உடையது, கரையும் சரிவானது, கொக்கு இறங்குதற்குப் படிகட்டி வைத்தாற்போன்றது. மீன்களை அண்டாவில் மாற்றி, குளத்தை 3 அடிக்கு ஆழமாக்கினர்; கரையைச் செங்குத்தாகக் கட்டினர்; நீர்மட்டம் கரையினின்று ஒரு சாண் தாழ இருக்குமாறு செய்தனர். கரையைச் சுற்றி முளையடித்து, ஒரு சாண் உயரத்தில் ஒன்றும் ஒரு முழ உயரத்தில் ஒன்றுமாக இரண்டு கயிறுகளை இழுத்துக் கட்டினர். அடியில் உடைந்த பானைகளையும் குழாய்த் துண்டுகளையும் இட்டு மீனுக்கு ஒளியிடம் அமைத்தனர். தாமரைத் தொட்டிகளைக் கரையோரத்து வையாது நடுவில் வைத்தனர். விடியலில் இடும் உணவு மீன்களை மேலே ஈர்த்துக் கொக்கின் வேளையிலேயே அதற்குக் காட்டிக்கொடுத்தது என்பதை உணர்ந்து, உணவிடும் பொழுதை நண்பகலுக்கு மாற்றினர். சில நாள் கொக்கு மதில்மேல் வந்தமர்ந்து நோக்கிற்று. பின்னர் வயற்பக்கம் சென்றது. வயலில் அதற்கு நண்டும் தவளையும் பூச்சியும் குறைவில்லை.

மதுரைத் திருவிளையாடல்களுள் 48-ஆவது, நாரைக்கு முத்தி கொடுத்தது. முனிவர் மூழ்கும் தீர்த்தத்து மீனை உண்ணுதல் தகாதென்று எண்ணிய நாரை ஒன்று, அம்முனிவர்பால் மதுரையின் பெருமை கேட்டு, பொற்றாமரைத் தடத்தை அடைந்து இறைவனை வழிபட்டது. பசி மிக்க நாளில் அத்தடத்து மீனை உண்ண எழுந்த எண்ணத்தையும் அது அருளால் அடக்கிற்று. இறைவன் தோன்றி வேண்டுவது யாது என வினவ, சிவலோக வாழ்வோடு மற்றொன்றையும் அது வேண்டிற்று: இனி வரும் நாரைகள் இப்புனிதத் தடத்து மீனை உண்டு பாவம் எய்தாதபடி, இதில் மீனே இல்லாதிருத்தல் வேண்டும் என்பது. அவ்வேண்டுகோள் மீனுக்கு மட்டும் காவலன்று. தன் இனத்துக்கும் காவல். எட்டாத இடத்தில் இரையை வைத்தல் கொக்குக்குச் செய்யும் கொடுமையன்று, உதவியே என்பதை அன்பர் இவ்வரலாற்றால் தெளிந்து ஆறுதலுற்றார்.

இதன்கண் சித்தாந்தப் பொருள் ஒன்றும் உண்டு. குளத்துப் பாசி கல்லெறியால் ஒருகணம் விலகிப் பின்னும் வந்து மூடும் என்னும் உவமை நம் சாத்திரங்களிற் பயின்றது. சினங்கொண்டு மலத்தோடு போரிடுவோன் நிலையும் அதுவே. எறியுந்துணையும் விலகும், கை ஓய்ந்தவுடன் மீளும். ஆணவமலம் அநாதி; அழியாதது. முத்தியிலும் அதன் சத்தி மடங்குவதேயன்றி, அஃது இல்லையாதல் இல்லை என்பது நம் கொள்கை. ஆகவே உய்யும் வழி, உயிர் திருவருளின் ஆழத்தைச் சாருதலேயாம். ஆழத்து மீனைக் கொக்கு தீண்டாது. கொக்கு இருந்தும் இல்லாததுபோல் ஆம். உவமையை இவ்வளவிற் கொள்ளுதல் வேண்டும். கொக்கு மலமன்று, அதுவும் மலத்தாற் பிணிப்புண்டு, தனக்குரிய வினையை நுகர்ந்து, திருவடியை நோக்கி வரும் ஓருயிரே. அதனை மறந்த கைதான் கல்லெடுத்தது.

தைத் திங்களில் ஒருநாள் பெரியவரும் பேரனும் வயல் வரப்பிற் சென்றனர். அறுவடையான தாளடியிற் கொக்குகள் பல மேய்ந்தன. அவற்றுள் ஒன்று ஒரு காலைச் சிறிது சாய்த்து நடந்தது. அஃது அப்பறவைதானோ, பிறிதொன்றோ என்பதை அறிய அவர்க்கு வழியில்லை. “தாத்தா, அதுதானா?” என்று சிறுவன் கேட்டான். “அதுவாகவே இருக்கட்டும், தம்பி; உயிரோடிருக்கின்றது” என்றார் அவர். ஆளைக் கண்ட கொக்குகள் எழுந்தன. மண்ணிறம் மறைந்து வானெல்லாம் வெண்மையாயிற்று. பெரியவர் நின்ற இடத்திலேயே கைகுவித்தார்.

திருச்சிற்றம்பலம்.