ஆயிரத்து ஒன்றாவது செய்தி

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்)

மலர்க் குழு நண்பர்கள் வந்து, "கவிதை மூட்டை மூட்டையா வந்துடுச்சு, கட்டுரைதான் இல்ல, நீ ஏதாவது எழுதிக் குடு" என்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ப்ராஜெக்டில் நான் பட்ட பாடு ஒன்றுதான் என்றேன். "அதையே எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே நண்பர்களே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்!

எங்கள் ஊருக்கு ஒரே ஒரு டவுன் பஸ். அது வருமா, வராதா, வந்து போய்விட்டதா என்பது ஆலமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் தெரியாது. அம்மா எத்தனையோ நாள் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். எனவே ப்ராஜெக்ட் என்றதும் நான் யோசிக்கவே இல்லை. பஸ்ஸில் ஒரு சிறு கருவி. அது நொடிக்கு ஒரு முறை தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். போனில் பார்த்தால் பஸ் எங்கே என்று தெரியும். நாங்கள் நான்கு பேர் ஒரு குழு.

கருவியிலிருந்து வரும் செய்திகளை வாங்கி வரிசையாக வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமல்லவா? அதற்கு அமேசானின் கினிசிஸ் சேவையை எடுத்தோம். 2013ல் வந்தது அது. இரண்டாம் ஆண்டிலேயே கணக்குத் திறந்து வைத்திருந்தேன். திறக்கக் கார்டு வேண்டும். எங்கள் வீட்டில் கார்டு வைத்திருப்பது அக்கா மட்டும்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவள். நம்பரைப் போனில் சொல்லும்போது, "பார்த்துச் செலவு பண்ணுடா" என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள். அந்த வார்த்தை ஆறு மாதமும் என் காதிலேயே இருந்தது. இருந்தும் என்ன செய்தேன் என்பதைக் கேளுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, கண்டக்டர் அண்ணனிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, பஸ்ஸின் முன்பக்கம் டப்பாவை ஒட்டினோம். "வெடிக்காதுல்ல தம்பி?" என்று டிரைவர் இரண்டு முறை கேட்டார். ஒன்றரை மணி நேரப் பயணம். ஒவ்வொரு நொடியும் செய்தி போய்ச் சேர்ந்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை! படித்து எடுத்துச் சேமிக்கும் நிரலைத் திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம், க்ளவுடில் போட்டாயிற்று, இனிப் பத்திரம் என்று சனி, ஞாயிறு ஊருக்குப் போய்விட்டோம்.

திங்கள் காலை வந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு வரிகூட இல்லை.

அது கிடங்கு அல்ல, ஓடை. நாமாக மாற்றிச் சொல்லாவிட்டால் 24 மணி நேரம்தான் எதையும் வைத்திருக்கும். காசு கொடுத்து 365 நாள் வரை நீட்டிக்கொள்ளலாம். நாங்கள் நீட்டவும் இல்லை, அப்படி ஒரு கெடு இருப்பதைப் படிக்கவும் இல்லை. மறுபடியும் கண்டக்டர் அண்ணன் முன்னால் போய் நின்றோம். "போன தடவை எடுத்தது என்னாச்சு?" என்றார். "கரைஞ்சு போச்சுண்ணே" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏறுங்க" என்றார். இந்த முறை முதல் வேலையாகச் சேமிக்கும் நிரலை ஓடவிட்டோம்.

இது சின்ன அடி. பெரிய அடி அடுத்தது.

எங்கள் வழிகாட்டி ஆசிரியர், "ஒரு பஸ்ஸுக்குச் சரி, ரெண்டாயிரம் பஸ் ஓடினா தாங்குமா? காட்டு பார்ப்போம்" என்றார். இரண்டாயிரம் பஸ்ஸுக்கு நான் எங்கே போவேன்? நிரல் எழுதிப் பொய்யாக இரண்டாயிரம் பஸ்ஸை உண்டாக்கினேன். ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு செய்தி. ஒரு செய்தி 100 பைட். மொத்தம் நொடிக்கு இரண்டு லட்சம் பைட். இந்தச் சேவையில் ஸ்ட்ரீமை ஷார்டு ஷார்டாகப் பிரித்துத் தருகிறார்கள். ஒரு ஷார்டு நொடிக்கு 1 மெகாபைட் வாங்கும். நம்முடையது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது என்று கணக்குப் போட்டு நிம்மதியாக ஓடவிட்டேன்.

ஒரு நிமிடத்தில் 1,20,000 செய்திகள் அனுப்பினேன். பிழை என்று ஒரு சத்தமும் இல்லை. எதிர்ப்பக்கம் எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய பாதிதான் வந்திருந்தது.

ஒரு நாள் முழுக்க என் நிரலையே சந்தேகப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது. ஐந்நூறு ஐந்நூறாகக் கட்டி அனுப்பினேன் அல்லவா? கட்டு வந்து சேர்ந்தது என்று பதில் வரும். ஆனால் கட்டுக்குள் எத்தனை தவறிவிட்டது என்பதை அந்தப் பதிலுக்குள்ளேயே தனியாக ஓர் எண்ணாக எழுதியிருப்பார்கள். அதை நாம்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. பார்த்தபோது தவறிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர் இருந்தது: 'ப்ரொவிஷன்டு த்ரூபுட் எக்ஸீடட் எக்ஸெப்ஷன்.' பெயரே ஒரு முழம்! நீ வாங்கியிருக்கும் அளவைத் தாண்டிவிட்டாய் என்று அர்த்தம்.

எந்த அளவை? எடையில் நான் தாண்டவில்லை. ஆனால் ஒரு ஷார்டுக்கு இரண்டு கட்டுப்பாடு. நொடிக்கு 1 மெகாபைட்; அல்லது 1000 செய்தி. எது முதலில் வந்தாலும் கதவு மூடும். ஆயிரத்து ஒன்றாவது செய்தி அரைக் கடுகு அளவு இருந்தாலும் வெளியேதான் நிற்கும்.

சரி, ஷார்டைக் கூட்டினால் போச்சு என்று ஒன்றை நான்காக்கினேன். ஒவ்வொரு ஷார்டுக்கும் மணிக்கணக்கில் வாடகை. அக்காவின் முகம் வந்து போனது. இருக்கட்டும் என்று ஓடவிட்டேன். மறுபடியும் பாதிதான் வந்தது! தவறியதை உடனே திரும்ப அனுப்பும்படி எழுதினேன். நெரிசல் இன்னும் மோசமானது. அதற்குள் பொங்கல் விடுமுறை வந்துவிட்டது. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

வீட்டில் பொங்கல் பரிசு டோக்கன் அலமாரியில் சொருகியிருந்தது. எங்களுக்கு ஒரு தேதி, ஒரு நேரம், எதிர்வீட்டுக்கு மறுநாள். நான் சும்மா, "எதுக்கும்மா தேதி, நேரம் எல்லாம்? அரிசி தீர்ந்தா போகுது?" என்று கேட்டேன். அம்மா பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்காதவள். அடுப்பை ஊதிக்கொண்டே, "எல்லாச் சீட்டுலயும் ஒரே தேதியப் போட்டுக் குடுத்தா, நாலு நாள் கடை தொறந்து வச்சும் மூணு நாள் ஈ ஓட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. என் செய்திகள் எல்லாவற்றிலும் ஒரே தேதியைத்தான் போட்டிருந்தேன்!

ஒவ்வொரு செய்தியோடும் ஒரு சாவிச்சொல் அனுப்ப வேண்டும். பார்ட்டிஷன் கீ என்பார்கள். அந்தச் சொல்லை எம்டி5 என்ற முறையில் 128 பிட் எண்ணாக மாற்றி, அந்த எண் எந்த ஷார்டின் எல்லைக்குள் விழுகிறதோ அங்கே அனுப்புவார்கள். ஒரே சொல் என்றால் எப்போதும் ஒரே ஷார்டுதான். நான் இரண்டாயிரம் பஸ்ஸுக்கும் 'பஸ்' என்றே எழுதியிருந்தேன். எல்லாம் ஒரே வாசலில் முட்டி மோத, காசு கொடுத்து வாங்கிய மற்ற மூன்றும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன.

"டோக்கன் நேரத்துக்குப் போயும் கூட்டமா இருந்தா என்னம்மா செய்வ?"

"செத்த நேரம் நெழல்ல உக்காந்துட்டுப் போவேன். முட்டிக்கிட்டு நின்னா மட்டும் முன்னாடி விட்டுருவானா?"

இதுவும் எனக்குத்தான். தவறியதை உடனே அனுப்பாமல் கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் தவறினால் இரண்டு மடங்கு பொறுத்து அனுப்ப வேண்டும் என்று எல்லா நல்ல புத்தகங்களும் சொல்கின்றன. நான் படித்ததில்லை, அம்மாவும் படித்ததில்லை.

விடுமுறை முடிந்து வந்ததும் 'பஸ்' என்ற இடத்தில் அந்தந்தப் பஸ்ஸின் எண்ணைப் போட்டேன். ஒரு வரிதான் மாற்றம். ஒரு ஷார்டுக்கு ஏறக்குறைய ஐந்நூறு செய்தியாகப் பிரிந்து போய், 1,20,000மும் வந்து சேர்ந்தன. ஒரு பஸ்ஸின் செய்திகள் ஒரே ஷார்டில் இருப்பதால் வரிசையும் குலையவில்லை. நான்குகூட வேண்டாம், மூன்றே போதும் என்று குறைத்துப் பார்த்தேன். அதுவும் தாங்கியது.

குதித்துக் கொண்டாடும்போதுதான் நினைவு வந்தது. பொங்கல் முழுக்க நான்கு ஷார்டும் சும்மா ஓடிக்கொண்டு இருந்திருக்கின்றன! செய்தி வந்தாலும் வராவிட்டாலும் வாடகை வாடகைதான். நொடிக்கு இத்தனை செய்தி என்று கட்டுப்பாடு உண்டு. ஏழை மாணவன் மறந்துவிட்டால் இத்தனை ரூபாயோடு நின்றுவிடும் என்று ஒரு கட்டுப்பாடு அதில் இல்லை. மாதம் முடிந்து பில் வந்தபோது கிட்டத்தட்ட அக்காவின் இரண்டு நாள் சம்பளம் போயிருந்தது.

இரண்டு நாள் சொல்லாமல் மறைத்தேன். மூன்றாம் நாள் போன் செய்து சொல்லிவிட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சும்மா நின்ன மெஷினுக்குமா வாடகை? எங்க மெஷின் நின்னா எங்களுக்குச் சம்பளம் கிடையாது தெரியுமா?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. "சரி, ஓட்டி பார்த்துச் சரிக்கட்டிக்கறேன். பஸ்ஸு வருதா, அதச் சொல்லு" என்றாள்.

"வருதுக்கா. இப்ப பாலத்துக்கிட்ட நிக்குது."

அன்று இரவே ஸ்ட்ரீமை அழித்தேன். ரிவ்யூவுக்கு முந்தின நாள்தான் மறுபடி திறந்தேன். "மூவாயிரம் பஸ் வந்தா என்ன செய்வ?" என்று கேட்டார் வெளித் தேர்வாளர்.

"ஷார்டைக் கூட்டணும் சார். முடிஞ்சதும் மறக்காம அழிச்சிடணும்" என்றேன். ஏன் சிரிக்கிறார் என்று புரியாமலே அவர் கையெழுத்துப் போட்ட ரெக்கார்டு நோட்டை வாங்கிக்கொண்டு, நேராக லேபுக்கு ஓடினேன், அழிக்க.